சூரிச்சிலிருந்து ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களுக்கு ஒருநாள் பேருந்துச் சுற்றுலா: முழுமையான வழிகாட்டி

காலையில் சூரிச் நகரில் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, லூசெர்ன் வழியாக ப்ரூனிக் கணவாயைக் கடந்து, இன்டர்லாகன், லவுட்டர்புருன்னன், கிரிண்டல்வால்ட் ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் பயணம், சுவிட்சர்லாந்தில் மிக எளிதாகக் கிடைக்கும் மலைச் சுற்றுலாக்களில் ஒன்றாகும். பெர்னர் ஓபர்லாண்ட் எனப்படும் இந்த மலைப்பகுதியில் ஐகர் (3,967 மீட்டர்), மோங்க், யுங்ஃப்ராவ் (4,158 மீட்டர்) ஆகிய மூன்று சிகரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்திலும் சரிவுகளிலும்தான் நாம் பார்க்கப்போகும் கிராமங்கள் இருக்கின்றன. அறிவிப்பில் எத்தனை ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன என்பதை வைத்து இந்தச் சுற்றுலாவை எடைபோடக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் நம் கால் தரையில் படும் நேரம் எவ்வளவு என்பதே முக்கியம். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்வதற்கும், கிடைத்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்குமான வழிகள்தான்.

பேருந்தா, ரயிலா?

சுவிஸ் ரயில்கள் நேரம் தவறாதவை. சூரிச் மத்திய நிலையத்திலிருந்து இன்டர்லாகன் கிழக்கு நிலையத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், அங்கிருந்து லவுட்டர்புருன்னனுக்கு மேலும் 20 நிமிடங்களும் ஆகும். ஆகவே கையில் சுவிஸ் டிராவல் பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில், பொதுப் பேருந்து, படகுப் பயணச் சீட்டு) இருந்து, வண்டி மாறிப் போவதில் தயக்கமும் இல்லையென்றால், ரயிலில் செல்வதே நல்லது. அந்தப் பாஸ் தனியார் சுற்றுலாப் பேருந்துக் கட்டணத்தை ஈடுகட்டாது என்பதால் அதை வைத்திருப்பவர் ஒரே வழிக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர் ஆகிவிடுவார்.

ஆனால் பேருந்துக்கென்றே பொருத்தமானவர்களும் உண்டு. சுவிஸில் குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் அம்மா அப்பாவுக்கு, பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் வார நாட்களில், நடைமேடை மாறி ஓடவேண்டிய கவலையில்லாத இந்தப் பயணம் உண்மையிலேயே வசதியானது. ஒரு நாள் மட்டும் சூரிச்சில் தங்கி அடுத்த நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. பெரியவர்களைத் தனியாக அனுப்புவதாக இருந்தால், வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளில்தான் விளக்கம் இருக்கும். ஊர்ப் பெயர்கள், பேருந்து நிற்குமிடம், புறப்படும் நேரம், பிள்ளையின் கைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

முதல் படி: நிகழ்ச்சி நிரலை நிமிடக் கணக்கில் படியுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்குத் திரும்பும் பயணம் என்றால் மொத்தம் பத்து மணி நேரம். சூரிச்சிலிருந்து இன்டர்லாகன் பகுதிக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும், திரும்பிவரவும் அதே நேரம் ஆகும். இன்டர்லாகனிலிருந்து லவுட்டர்புருன்னனுக்கு 20 நிமிடம், அங்கிருந்து கீழே இறங்கி மறு பள்ளத்தாக்கு வழியாக கிரிண்டல்வால்டுக்கு ஏற அரை மணி. வழியில் இளைப்பாற நிறுத்துவதையும் சேர்த்தால் கையில் மிஞ்சுவது நான்கு மணி நேரம், மிஞ்சினால் நாலரை. இதை மூன்று ஊர்களுக்குப் பங்கிட்டால் ஊருக்கு ஒன்றரை மணி. ஐந்து ஊர்களுக்குப் பங்கிட்டால் ஐம்பது நிமிடம்; அதில் கழிப்பறை வரிசைக்கும் பேருந்துக்கு நடப்பதற்கும் இருபது நிமிடம் போய்விடும்.

ஆகவே, இரண்டு கிராமங்களில் மட்டும் நிறுத்தி ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் தரும் சுற்றுலாவையே நான் பரிந்துரைப்பேன். நிகழ்ச்சி நிரலில் ‘வழியில் காணுதல்’ என்று எழுதியிருந்தால் பேருந்து அங்கே நிற்காது என்று பொருள் கொள்ளுங்கள். ‘ஓய்வு நேரம்’ என்று நிமிடங்களோடு குறித்திருந்தால் மட்டுமே அது உங்கள் நேரம்.

இன்டர்லாகனை நான் மலைக் கிராமமாகவே எண்ணுவதில்லை. தூன், ப்ரியன்ஸ் ஆகிய இரண்டு ஏரிகளுக்கு நடுவே, 570 மீட்டர் உயரத்தில், விடுதிகளும் கைக்கடிகாரக் கடைகளும் நிறைந்த சிறு நகரம் அது. கட்டடம் எழுப்ப விடாமல் காப்பாற்றி வைத்திருக்கும் ஹோஹேமாட்டே புல்வெளியில் நின்று, தெற்கே யுங்ஃப்ராவைப் பார்த்து, பாராகிளைடர்கள் இறங்குவதையும் கண்டுவிட்டால் அரை மணி நேரம் போதும். அங்கே ஒன்றரை மணி நேரம் ‘கடைவீதி உலா’ என்று ஒதுக்கும் சுற்றுலாவைத் தவிர்த்துவிடுங்கள்.

ப்ரியன்ஸ் ஏரிக்கரையிலுள்ள இசெல்ட்வால்டைச் சேர்க்கும் சுற்றுலாக்களும் உண்டு. ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்ற மரப் படகுத்துறைக்காகக் கூட்டம் குவிந்ததால், அந்தத் துறையில் கால் வைக்க 2023 முதல் 5 ஃபிராங்க் வாங்குகிறார்கள். ஏரி கரையிலிருந்தே அதே பசும்நீல நிறத்தில் தெரிகிறது என்பதால் அந்தக் கட்டணம் அவசியமில்லை.

பதிவு செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையில் ஆட்கள் சேராவிட்டால் பயணம் ரத்தாகுமா, அப்படியானால் எத்தனை நாள் முன்பு சொல்வார்கள் என்பது முதலாவது. மலையுச்சி ரயில் அல்லது ரோப் கார் கட்டணம் சேர்ந்ததா, தனியா என்பது இரண்டாவது. மேகமூட்டம் இருந்தால் உச்சிப் பயணத்தை மாற்றிக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. காட்சி தெரியவில்லை என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது.

இரண்டாம் படி: மாதத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்தல்

மே, ஜூன் மாதங்களில் பனி உருகுவதால் அருவிகள் முழு வேகத்தில் விழும். ஜூலை, ஆகஸ்டில் மேல்வெளிகளில் பூக்களும் மாடுகளும் நிறைந்திருக்கும், ஆனால் கூட்டம் மிகுதி, பிற்பகலில் இடிமழைக்கும் வாய்ப்புண்டு. செப்டம்பரில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மேய்ச்சல் வெளிகளிலிருந்து மாடுகளைப் பூச்சூட்டி, பெரிய மணிகள் கட்டி ஊருக்கு இறக்கும் நாளும் அந்த மாதத்தில்தான் வரும். என் தேர்வு செப்டம்பர்தான். நவம்பரில் பல ரோப் கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். குளிர்காலத்தில் பனி அழகாக இருந்தாலும் டிசம்பரில் மாலை நாலே முக்கால் மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். செங்குத்தான லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்குள் வெயில் அதற்கும் வெகு முன்பே மறைந்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது நெகிழ்வு வைத்துக்கொள்ளுங்கள். சூரிச்சில் நான்கு நாள் தங்குகிறீர்கள் என்றால், முதல் நாளே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு நல்ல நாளைப் பதிவுசெய்யலாம். யுங்ஃப்ராவ்யோக் (மலையுச்சி ரயிலின் கடைசி நிலையம்), ஃபிர்ஸ்ட், மென்லிஷன் போன்ற உயரமான இடங்களிலெல்லாம் நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன. அவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சூரிச்சில் மூடுபனி என்பதால் மலையிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இலையுதிர் காலத்தில் மூடுபனி தாழ்வான சமவெளியில் தேங்கி நிற்க, அதற்கு மேலே மலைக் கிராமங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பது அங்கே வழக்கமான காட்சி.

மூன்றாம் படி: ஆவணம், உடை, பை

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 டிசம்பர் முதல், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். லண்டனில் வதிவிட உரிமையோடு வாழ்பவர்களுக்கும் அந்தக் கடவுச்சீட்டிலேயே பயணிப்பதாக இருந்தால் இதே விதிதான். கடவுச்சீட்டையோ வதிவிட அட்டையையோ உடன் வைத்திருங்கள்.

உடையைப் பொறுத்தவரை ஒரே கணக்கு: ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஆறு முதல் ஏழு பாகை செல்சியஸ் குறையும். சூரிச் சுமார் 400 மீட்டரிலும், கிரிண்டல்வால்ட் 1,034 மீட்டரிலும் உள்ளன. எனவே கிராமங்களுக்கு மட்டும் போவதாக இருந்தால் ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும். யுங்ஃப்ராவ்யோக் வரை செல்வதாக இருந்தால் ஜூலையிலும் உறைநிலைக்கு அருகேயுள்ள குளிரை எதிர்பார்த்து, தடித்த மேலங்கி, குல்லா, கையுறை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். புடவை கட்டிக்கொள்ள விரும்பும் அம்மாக்கள் உள்ளே வெப்ப உடையும், காலில் அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணியும் அணிந்தால் சிரமம் இல்லை. செருப்பு வேண்டாம், அருவியின் சாரல் பட்ட படிகளில் அது வழுக்கும். பனியில் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

பையில் தண்ணீர்ப் போத்தல், அன்றாட மருந்துகள், சில்லறை ஃபிராங்க் நாணயங்கள் இருக்கட்டும். பல இடங்களில் கழிப்பறைக்கு ஒன்று அல்லது இரண்டு ஃபிராங்க் கொடுக்க வேண்டியிருக்கும். கிராமத் தொட்டிக் குழாய்களில் வரும் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்ற பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

நான்காம் படி: புறப்படும் காலை

சூரிச்சிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஸீல்குவே என்னுமிடத்திலுள்ள பேருந்து நிறுத்தத்திலிருந்து புறப்படுகின்றன. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைதான். ஒரே நேரத்தில் பல நிறுவனங்களின் பேருந்துகள் அங்கே நிற்கும். ஆகவே 20 நிமிடம் முன்னதாகவே போய், சீட்டிலுள்ள நிறுவனப் பெயரையும் சுற்றுலாப் பெயரையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

இருக்கை எண் தரப்படாத பேருந்தில் போகும்போது வலப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள். லூசெர்னைத் தாண்டி சார்னன், லுங்கர்ன் ஏரிகளும், 1,008 மீட்டர் உயரமுள்ள ப்ரூனிக் கணவாயை இறங்கிய பின் ப்ரியன்ஸ் ஏரியும் பெரும்பாலும் வலப்புறம்தான் தெரியும். கணவாய்ச் சாலையில் வளைவுகள் அதிகம். வாந்தி வருபவர்கள் முன்வரிசையில் அமர்ந்து, புறப்படுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. சீட் பெல்ட் பேருந்திலும் கட்டாயம். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் ஓடுவதால், இறங்கிச் சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். நமக்கு ஊறிய பழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதால் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதை இருமுறை சொல்லிவையுங்கள்.

பேருந்திலிருந்து இறங்கும் முன் வழிகாட்டி சொல்லும் புறப்படும் நேரத்தைக் கைபேசியில் குறித்து, வண்டி எண்ணையும் நிற்கும் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ‘இரண்டு நிமிடம்கூடத் தாமதிக்க முடியாது’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டுநர் நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது சட்டம். வண்டியிலுள்ள கருவி அதை நிமிடம் தவறாமல் பதிவுசெய்கிறது. ஒருவரின் தாமதம் மாலை நெரிசலோடு சேர்ந்து அந்தக் கணக்கையே குலைத்துவிடும்.

ஐந்தாம் படி: லவுட்டர்புருன்னனில் என்ன செய்வது?

இந்தப் பயணத்தில் அதிக நேரம் தர வேண்டிய ஊர் இது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்க, நடுவே தட்டையான புல்வெளியாக நீளும் பள்ளத்தாக்கு. பனிக்கட்டியாறு குடைந்து உருவாக்கிய வடிவம் அது. இந்தப் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்று ஊரார் கணக்குச் சொல்கிறார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து ஒரே தெரு. அதில் 10 முதல் 15 நிமிடம் நடந்தால் ஸ்டவ்பாக் அருவிக்கு வந்துவிடலாம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இந்த அருவியை 1779-இல் ஜெர்மானியக் கவிஞர் கோதே வந்து பார்த்து, தண்ணீரையும் மனித ஆன்மாவையும் பற்றி ஒரு கவிதை எழுதினார். எல்லாரும் கீழே போய் நிமிர்ந்து படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். நீங்கள் தேவாலயத்தைக் கடந்து, கல்லறைத் தோட்டத்துக்கு அருகே சற்று விலகி நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். பாறையின் விளிம்பை விட்டு நீர் கெட்டியான வெள்ளைக் கயிறாகக் கிளம்புகிறது. பாதி உயரம் வருவதற்குள் இழை இழையாகப் பிரிகிறது. காற்று வீசும்போது அந்த இழைகள் மொத்தமாகப் பக்கவாட்டில் சாய்ந்து, பாறையை விட்டு விலகி, தரையைத் தொடும் முன்னே வெறும் சாரலாகிவிடுகின்றன. காற்று நின்றதும் மீண்டும் நேராகின்றன. அருவியின் பின்புறம் பாறையில் குடைந்த நடைபாதை கோடையில் திறந்திருக்கும்; ஏற்றம் சற்றுக் கடினம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது.

இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஸ்டவ்பாக்கோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கலாம். இரண்டைச் சேர்க்க முடியாது. அந்த ஒன்று ட்ரும்மல்பாக்காக இருக்கலாம், அல்லது வெங்கனாக இருக்கலாம். ட்ரும்மல்பாக் ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், மலையின் வயிற்றுக்குள்ளேயே விழும் பத்து அருவிகளின் தொடர். ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்றிலும் இந்தப் பக்கத்துப் பனிக்கட்டியாறுகள் உருகி வரும் நீர் இந்த வழியாகத்தான் இறங்குகிறது; உச்ச காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. பாறைக்குள் செல்லும் லிஃப்ட்டில் மேலே போய்ப் படிகளில் இறங்கிவந்தால், இரைச்சலைக் காதால் கேட்பதோடு காலடியிலும் உணரலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

வெங்கன் முற்றிலும் வேறு அனுபவம். 1,274 மீட்டரில், கார்கள் போக முடியாத பாறை மேடையில் அமைந்த கிராமம் அது. லவுட்டர்புருன்னனிலிருந்து பற்சக்கர ரயிலில் கால் மணிக்குள் போய்விடலாம். பேருந்துச் சுற்றுலாக்கள் ‘மலைக் கிராமம்’ என்று சொன்னாலும் பேருந்து போகக்கூடிய பள்ளத்தாக்கு ஊர்களைத்தான் காட்டும். மோட்டார் சத்தமில்லாத உண்மையான மலைக் கிராமத்தைக் காண வேண்டுமானால், ஓய்வு நேரத்தில் சொந்தச் செலவில் வெங்கனுக்குப் போய்வருவதே எளிய வழி. வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும் ரயிலைக் கடைசி நேரத்துக்கு வைக்காமல், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள்.

இந்த நகராட்சியில் 2,000 பேருக்குச் சற்று மேல்தான் வாழ்கிறார்கள். பகலில் மட்டும் வந்துபோகும் கூட்டத்தின் நெருக்கடியால் 2024-இல் காரில் வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவது பற்றிக்கூட ஊர் நிர்வாகம் யோசித்தது. எனவே வீடுகளின் முற்றத்துக்குள் போய்ப் படம் எடுப்பதைத் தவிர்ப்பது நம் கடமை. உயர்ந்து வளர்ந்த புல்லில் இறங்கி நடக்க வேண்டாம். அது உலர்த்தப்பட்டு மாடுகளுக்குக் குளிர்காலம் முழுவதும் தீவனமாகும் புல், மிதிபட்டால் அறுக்க முடியாது. கன்றோடு நிற்கும் பசுவை நெருங்காதீர்கள். வேலிக் கம்பியையும் தொடாதீர்கள், அதில் மின்சாரம் இருக்கும்.

ஆறாம் படி: கிரிண்டல்வால்ட்

இங்கே ஐகரின் வடமுகம் ஊருக்கு மேலேயே எழுந்து நிற்கிறது. நான்கு பேர் கொண்ட ஜெர்மானிய, ஆஸ்திரியக் குழு 1938-இல் முதன்முதலாக ஏறி முடிக்கும்வரை பல உயிர்களைப் பலிகொண்ட சுவர் அது.

ஃபிர்ஸ்ட் என்னும் 2,168 மீட்டர் உயர உச்சிக்குப் போகும் ரோப் காரில் பலரும் ஆசையோடு ஏறுவார்கள். ஏற 25 நிமிடம், இறங்க 25 நிமிடம், பேருந்திலிருந்து நடந்துபோய்வர 20 நிமிடம், அதோடு வரிசை. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்கு மாற்றாக, முக்கியத் தெருவின் கிழக்குக் கோடியிலுள்ள தேவாலயம்வரை நடந்து, அதற்கருகிலிருந்து கிளம்பும் பிஃபிங்ஸ்டெக் ரோப் காரில் சில நிமிடங்களில் 1,391 மீட்டருக்கு ஏறலாம். கூட்டம் குறைவு, கிராமம் முழுதும் காலடியில் விரியும்.

யுங்ஃப்ராவ்யோக் சேர்ந்த சுற்றுலா என்றால்

அது வேறு கணக்கு. கிராமங்களுக்கு நேரம் கிடைக்காது என்று தெரிந்தே செல்லுங்கள். 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் கார் கிரிண்டல்வால்டிலிருந்து 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையத்துக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து 16 ஆண்டுகள் மலையைக் குடைந்து 1912-இல் முடித்த சுரங்கப்பாதை வழியாக ரயில் 3,454 மீட்டருக்குச் செல்லும். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள். இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. தலைசுற்றினால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுவதே மருந்து.

ஏழாம் படி: சாப்பாடு

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால், கட்டுச்சோறு கொண்டுபோவதையே நான் சொல்வேன்; புளியோதரையும் சப்பாத்தியும் மாலைவரை கெடாது. பேருந்துக்குள் மணம் வீசும் உணவைத் திறக்காமல் வெளியே பெஞ்சில் அமர்ந்து சாப்பிடுங்கள். வாங்கித்தான் சாப்பிட வேண்டுமென்றால் கிரிண்டல்வால்ட் நிலையத்துக்கு அருகே கூப் பேரங்காடி இருக்கிறது.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உருளைக்கிழங்கு ரோஸ்டியிலும், பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனி உணவான எல்ப்லர்மக்ரோனனிலும் பன்றியிறைச்சித் துண்டுகள் கலந்திருக்கக்கூடும். ‘ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்’ என்று சொன்னால் இறைச்சியும் பன்றியிறைச்சித் துண்டுகளும் இல்லாமல் தருவார்கள். உருக்கிய பாலாடைக்கட்டி உணவான ஃபாண்ட்யூவில் வெள்ளை ஒயினும் கிர்ஷ் என்னும் மதுவும் சேர்ப்பது மரபு. பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைப்பார்கள். கட்டணத்தில் சேவைத் தொகை சேர்ந்தே இருப்பதால் உணவகத்தில் டிப்ஸ் கட்டாயமில்லை. வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் மனமுவந்து சில ஃபிராங்க் கொடுப்பது வழக்கம்.

திரும்பும் வழி

பேருந்தைத் தவறவிட்டால் பதறாமல் முதலில் சீட்டிலுள்ள அவசர எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, ரயில் நிலையத்துக்குப் போங்கள். லவுட்டர்புருன்னனிலிருந்தும் கிரிண்டல்வால்டிலிருந்தும் இன்டர்லாகன் வழியாக சூரிச்சுக்கு மாலையிலும் தொடர்ந்து ரயில்கள் உண்டு; செலவுதான் கூடும். உடல்நலக் குறைவென்றால் 144, பொது அவசரத்துக்கு 112, மலையில் விபத்தென்றால் சுவிஸ் வான்மீட்புப் படையின் 1414.

மாலையில் ஏரிகளை மறுபடி பார்க்க இம்முறை இடப்பக்கச் சன்னல் வேண்டும்; காலையில் அமர்ந்த இடத்திலேயே எல்லாரும் அமர்வது வழக்கம் என்பதால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஸீல்குவேயில் இறங்கும் முன் தலைக்கு மேலுள்ள தட்டையும் இருக்கையின் முன்பையையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் அன்றிரவே நிறுவனத்துக்கு வண்டி எண்ணோடு எழுதிவிடுங்கள். மறுநாள் காலை அதே பேருந்து வேறு ஊருக்குக் கிளம்பியிருக்கும்.